டிக்கியில் கருவாடு ஏறிய ஹெரால்டு

பொங்கலுக்கு மதுரையிலிருந்து வந்த அண்ணன் இந்தத் தடவையும் கேட்டான். "பாப்பா, வண்டியை நான் கொண்டுபோறேன். அங்கே காஞ்ச காத்து. மரக்கடைக்குப் பின்னாடி ஷெட்டு சும்மாத்தான் கெடக்கு. இங்கே வச்சு ஏன் உப்புக்குத் தின்னக் கொடுக்கிறே?"

நியாயமான கேள்வி. வருஷா வருஷம் "பார்க்கலாம்ணே" என்று சொல்லியே தள்ளிப்போட்டு வருகிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒருதடவையாவது முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு மண்டபத்தில். தெருவில் நின்று வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். அலையடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்போம், இரைந்து அடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்போம். இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். வைகாசியில் கச்சான் காற்று பிடித்தால் ஆண்கடல் உப்பு வரும். ஐப்பசியில் வாடை திரும்பினால் பெண்கடல் உப்பு வரும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். இந்த இரண்டு காற்றுக்கும் நடுவே 1971லிருந்து ஒரு கார் நிற்கிறது.

வண்டி 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின், வெளிறிப்போன நீலம். இங்கிலாந்தில் 1959ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்த வண்டிதான் இது. உருவம் வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர். 1961லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இதைச் செய்தது. அம்பாசிடர் வங்காளத்திலிருந்தும் பியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில் இது ஒன்றுதான் மெட்ராஸ் வண்டி. "நம்ம ஊரு வண்டி" என்று ஐயா சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஐயா என்றால் அப்பாவுடைய அப்பா. தனுஷ்கோடியில் கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் கிட்டங்கி, சரக்கு, கணக்குப் புத்தகம் எல்லாம் போயிற்று. அன்றைக்கு வசூலுக்காக மானாமதுரை போயிருந்ததால் உயிர் தப்பினார். அப்புறம் மண்டபத்தில் ஓலைக்கொட்டகை போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்து, ஏழு வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் விற்ற ஹெரால்டை வாங்கினார். ஊரில் சிலர் கருவாட்டுக்காரருக்குக் கார் எதுக்கு என்று பேசினார்களாம். அப்பத்தா சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். அவள் வருத்தப்பட்டது கார் வாங்கியதற்காக இல்லை, பேச்சுக்காக.

கார் கருவாட்டுக்குத்தான். பனையோலைக் கொட்டானில் நெத்திலி, சாளை, திருக்கை, சீலா என்று மாதிரிச் சரக்கை அடுக்கி, டிக்கியில் ஏற்றிக்கொண்டு பரமக்குடி, மானாமதுரை, மதுரை வரைக்கும் மொத்த வியாபாரிகளைப் பார்க்கப் போவார். ஆகவே எங்கள் வண்டியை உப்பு வெளியிலிருந்து மட்டும் தின்னவில்லை, உள்ளேயிருந்தும் தின்றது. டிக்கித் தளம் அவர் காலத்திலேயே இரண்டு தடவை ஒட்டுப் போடப்பட்டது. வெயில் நாளில் டிக்கியைத் திறந்தால் இன்னும் லேசாகக் கருவாட்டு வாசம் வரும். அந்த வாசத்தில்தான் நான் வளர்ந்தேன். அதைப் போக்க நான் எதுவும் செய்ததில்லை.

ஆனால் சேஸ் மட்டும் போகவில்லை. ஹெரால்டுக்கு அம்பாசிடர் மாதிரி உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாக வார்த்தது கிடையாது. தனி சேஸ், அதன்மேல் உடம்பு துண்டு துண்டாகப் போல்ட் போட்டு உட்காரும். சேஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டுகிற மாதிரி வரும் குறுக்குச் சட்டங்கள்தான் முதலில் அரிக்கும். கடலே பார்க்காத ஊர் வண்டிகளில்கூட அது பொத்தலாகும். எங்கள் வண்டியில் வலதுபுறம் இன்னும் கம்பெனி போட்ட சட்டமே இருக்கிறது. டிங்கர் அண்ணன் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், மண்டபத்துல நின்ன வண்டியா இது?" என்று கேட்டார்.

காரணம் மீன் எண்ணெய். மர வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசுவதைக் கரையில் பார்த்தவர் ஐயா. மரத்துக்கு ஆகும்போது இரும்புக்கு ஆகாதா என்று நினைத்திருக்கிறார். சித்திரை முடியுமுன், கச்சான் பிடிப்பதற்குள், முற்றத்தில் இரண்டு பனந்தடிகளைச் சரிவாகப் போட்டு அதன்மேல் வண்டியை ஏற்றுவார். ஓலைப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, தேங்காய் நார்க் கட்டையால் அடிப்பக்கம் முழுக்கப் பூசுவார். தெருவே நாறும். மூன்று நாள் யாரும் வண்டிப் பக்கம் போக மாட்டோம். எனக்கு ஆறேழு வயசு. விளக்குப் பிடிப்பது என் வேலை. "தாயி, இங்கிட்டு காட்டு, இந்த மூலையில" என்று அவர் கை போகிற இடமெல்லாம் வெளிச்சம் காட்டுவேன். எந்த மூலையில் ஈரம் தங்கும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன்.

பின்னாளில் வேதியியல் படித்து, அதையே பள்ளிக்கூடத்தில் நடத்தவும் வந்தபோது ஐயா செய்தது ஏன் பலித்தது என்று புரிந்தது. மீன் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகித் தோல் கட்டும். இறுகுவதற்கு முன்னால் துருவின் துளைகளுக்குள் ஊறி இறங்கிவிடும். மேலே தடவிய பெயிண்ட் செய்யாத வேலை அது.

வகுப்பில் ஆணி துருப்பிடிக்கும் சோதனை செய்வோம் இல்லையா, மூன்று சோதனைக் குழாய்: ஒன்றில் சாதாரணத் தண்ணீர், ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரின்மேல் எண்ணெய், ஒன்றில் ஈரமில்லாத காற்று. நான் நாலாவதாக ஒன்று வைப்பேன், கடல் தண்ணீர் தெளித்துக் காயவைத்த ஆணி, தண்ணீரே இல்லாமல். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்மேல் படலமாக வைத்துக்கொள்ளும். மழையே இல்லாவிட்டாலும் அந்த ஆணி நனைந்தபடிதான் இருக்கும், பழுத்துவிடும். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கடல் தொழில் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், எங்க விசைப்படகுக்கு ஜிங்க் கட்டை வைக்கிற மாதிரி உங்க காருக்கும் வைக்கலாம்ல?" எவ்வளவு நல்ல கேள்வி! படகின் அடிப்பாகம் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் நடுவே கடல் தண்ணீரே மின்பாதையாகிறது, அதனால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. அங்கே ஒரு மூலையில் வைத்த துத்தநாகம் அதை ஒட்டிய சின்ன இடத்தைத் தாண்டி எதையும் காக்காது. பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். கார் விஷயத்தில் அதற்கும் இதே பதில்தான். காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

ஐயாவுக்குப் பிறகு வண்டி 1993ல் அப்பா கைக்கு வந்தது. அப்பா ரயில்வேயில், பாலப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர். 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதே அவர் வாழ்க்கை. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்த இடம் மறுபடி துருப்பிடித்திருக்கும் என்பார். அந்தப் பாலத்திலிருந்து அவர் கொண்டுவந்த பாடம் ஒன்று: சுரண்டிய இரும்பை ராத்திரி தாண்ட விடாதே. காலையில் வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டினால், சாயங்காலக் காற்றில் ஈரம் ஏறுமுன் பிரைமர் ஏறியிருக்க வேண்டும். நாளைக்கு அடிக்கலாம் என்று விட்ட இடத்தில் பெயிண்டுக்கு அடியிலேயே துரு முளைக்கும். அதனால் அப்பா ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் சுரண்டுவார், ஒரு முழம், இரண்டு முழம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அப்பா ஒரு நோட்டும் போட்டு வைத்திருந்தார். அதில் 1996 ஆடி மாதத்துப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "முன்சக்கரத்துக்கு கிரீஸ் கூடாது. 90 ஆயில் மட்டும்." அந்த வரிக்கு நாங்கள் கொடுத்த விலை எனக்குத் தெரியும். ஹெரால்டின் முன்சக்கரம் ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டில் மரையேறி நிற்கிறது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிநுனியில் மரை. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரை வெண்கலத்துக்குள் திரும்பும். அங்கே கெட்டியான கியர் ஆயில்தான் போக வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மேலேயே நின்றுகொள்ளும், மரையின் அடிவரைக்கும் இறங்காது. அடியில் தண்ணீர் புகும். எங்கள் ஊரில் அது உப்புத் தண்ணீர். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எஃகு மெலிந்துகொண்டே வரும். அந்த வருஷம் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எல்லா வண்டிக்கும் போல இதற்கும் கிரீஸ் அடித்தே பழக்கிவிட்டார்கள். உச்சிப்புளி தாண்டி ஒரு வளைவில் இடது முன்சக்கரம் அப்படியே உள்ளே மடங்கி, வண்டி மூக்குக் குப்புற மண்ணில் இறங்கியது. பக்கத்தில் அம்மா. வேகம் குறைவு, எதிரே வண்டி வரவில்லை, அதனால் இருவரும் எழுந்து வந்தார்கள். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

யாராவது பழைய ஹெரால்டோ, அதே கம்பெனியின் கெசல் காரோ வைத்திருந்தால் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முன் சஸ்பென்ஷனின் அடியில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, ஆயில் கன்னில் 90 கியர் ஆயில் ஊற்றி, பழைய ஆயில் வெளியே கசிந்து வரும்வரை அழுத்துங்கள். நான் கச்சானுக்கு முன்னால் ஒருதடவை, மழைக்கு அப்புறம் ஒருதடவை செய்கிறேன். ட்ரன்னியன் இன்னும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்கிறார்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் போன தடவை வந்தபோது ஒரு ஜோடி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான்.

2016ல் அப்பா போனபின் சாவி என்னிடம் வந்தது. அண்ணனுக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பா சொன்னது, "விளக்குப் பிடிச்சவளுக்குக் கொடு." அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதனால்தான் அவன் கேட்கும்போது எனக்கும் முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வாய் வராது.

என் காலத்தில் பெரிய பிரச்சினை தண்ணீர். உப்பை எடுக்க ஒரே மருந்து நல்ல தண்ணீரில் கழுவுவது. எங்கள் போர் தண்ணீர் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. ரோட்டோரக் குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் தெருவில், குடிக்கிற தண்ணீரை எடுத்துக் காரின் அடியில் பீய்ச்ச எனக்கு மனசு வராது. ரொம்ப நாள் இது உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஷெட்டுக் கூரைக்கு வாய்க்கால் தகடு போட்டு, ஐப்பசி கார்த்திகை மழையை 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்தேன். முதல் மழையை விட்டுவிட வேண்டும், கூரையில் படிந்த உப்பெல்லாம் அதில்தான் வரும். கழுவ ஹோஸ் பைப் கிடையாது. வயலுக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்கினேன், மருந்தே படாதது. அதன் குழாயை சக்கரத்துக்கு மேலே, குறுக்குச் சட்டத்து இடுக்கில், சேஸின் வடிகால் துளைக்குள் நீட்டி அடித்தால் ஒரு ஸ்பிரேயர் தண்ணீரில் அடிப்பக்கம் முழுக்க முடிந்துவிடும். கழுவியதும் நிறுத்தக்கூடாது, ராமநாதபுரம் ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காயவிட வேண்டும். அதே மாதிரி இன்னொரு ஸ்பிரேயரில்தான் சேஸ் பெட்டிக்குள் மீன் எண்ணெய் அடிக்கிறேன். ஐயாவின் நார்க் கட்டை அந்த உள்பக்கத்துக்குப் போனதில்லை.

தார்ப்பாய் போடாதீர்கள். ராத்திரி ஈரம் அடியில் வியர்த்து உள்ளேயே நிற்கும். நான் பழைய பருத்தி வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துப் போர்த்துகிறேன். ஷெட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் சுவர், கிழக்கும் மேற்கும் மேலே மட்டும் திறப்பு.

பெட்ரோல் இன்னொரு கவலை. 2000ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது இந்த எஞ்சினின் வால்வு உட்காரும் இடம் தேய ஆரம்பித்தது. அப்பா மதுரையில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வு சீட் போட்டார். இப்போது 20 சதவீத எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. நிறுத்தியே வைத்தால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கி உள்ளேயிருந்து துரு பிடிக்கும், பழைய ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும். ஹோஸ், பம்ப் டயாப்ரம் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரப்பராக மாற்றிவிட்டேன். டேங்கில் பத்து நாளில் தீர்ந்துபோகிற அளவுதான் பெட்ரோல் போடுவேன்.

அண்ணனுக்கான முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. மதுரை ஷெட்டில் வண்டி காய்ந்திருக்கும், ஓடாது. அவனுக்கு வாரம் ஏழு நாளும் கடை. ஓடாத வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், வாட்டர் பம்ப் சீல் காயும், டேங்க் உள்ளே பழுக்கும். உப்பை என்னால் கழுவ முடியும். நின்றுபோனதைக் கழுவ முடியாது.

2021ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குத் தனிப் பதிவு. அண்ணன் அதையும் சொன்னான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம், அன்றாட ஓட்டம் கூடாது. சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு நான் இதில்தான் போகிறேன். எம் எழுத்தில் தொடங்கும் பழைய மெட்ராஸ் மாநில நம்பரிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.சி. புதுப்பித்துக்கொள்கிறேன்.

பெயிண்ட் விஷயத்தில்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை. முழுக்கச் சுரண்டிப் பட்டி பார்த்து, பளபளவென்று புது நீலம் அடித்துவிடலாம் என்கிறான். செலவு முழுக்கத் தன்னுடையது என்கிறான். ஓட்டுநர் கதவின் மேல்விளிம்பில், ஜன்னலுக்குக் கீழே, பெயிண்ட் தேய்ந்து பிரைமர் தெரிகிற ஒரு சாண் இடம் இருக்கிறது. ஐயா முழங்கை வைத்த இடம். அப்பா உயரம் குறைவு, அவர் முழங்கை கொஞ்சம் பின்னால். இரண்டு தேய்மானமும் தனித்தனியாகத் தெரியும். அதன்மேல் மெழுகு தேய்ப்பேன், பெயிண்ட் அடிக்க விட மாட்டேன். இரும்பு தெரிந்தால் மூடுவேன். டிக்கித் தளம் 2017ல் மூன்றாவது முறையாகப் போனபோது யோசிக்காமல் வெட்டி எடுத்து 18 கேஜ் தகடு வைத்து வெல்டு அடித்தேன். ஓட்டை விழுந்த இடத்தைப் பாசத்துக்காக வைத்திருக்க முடியாது. முழங்கை இடம் ஓட்டை இல்லை.

தனுஷ்கோடி தாண்டி இருக்கும் அரிச்சல்முனைக்கு இப்போது நல்ல ரோடு இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துப் போடச் சொல்லிக் கேட்காதவர்கள் இல்லை. இருபுறமும் கடல், ரோட்டின்மேல் மணலும் சாரலும் பறக்கும். அதற்காக மட்டும் மறுக்கவில்லை.

1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். அதுவரைக்கும் தீவுக்கு ரயிலை விட்டால் படகு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐயா எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினார். எனக்கு ஒன்பது வயசு, பின்சீட்டில் அப்பத்தா மடியில். நடுப்பாலத்தில் வேகத்தைக் குறைத்து, ஜன்னலை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, கிழக்கே தனுஷ்கோடி இருக்கும் திசையைப் பார்த்தார். ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனோம், அக்னி தீர்த்தத்தில் குளித்தோம், திரும்பினோம். "அங்கிட்டும் போவமா?" என்று அப்பா கேட்டதற்கு ஐயா தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. 1964க்கு அப்புறம் சாகும்வரை அவர் தனுஷ்கோடியில் கால் வைக்கவில்லை. அவர் போகாத இடத்துக்கு அவர் வண்டியை நான் ஓட்டிப் போவதாக இல்லை. ராமேஸ்வரம் வரைக்கும் போவேன். பாலத்தின் நடுவே, பக்கத்தில் எழும்பி நிற்கும் புது ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டே, அப்பாவின் பழைய பாலத்தை நினைத்துக்கொண்டே மெதுவாகக் கடப்பேன். வந்ததும் முதல் வேலை ஸ்பிரேயர்.

இதையெல்லாம் பொங்கலன்று அண்ணனிடம் வாயால் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வண்டியைப் பனந்தடியில் ஏற்றினேன். அதே தடிகள்தான், வைரம் பாய்ந்தவை. இடதுபுறக் குறுக்குச் சட்டம், அப்பா காலத்தில் மாற்றியது, ஓரத்தில் பொரிந்திருந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தான். நான் விளக்குப் பிடித்தேன். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே கிடந்தான். "இது தாங்காது பாப்பா. கச்சானுக்கு முன்னால வெட்டணும்" என்றான். அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மதுரையில் தகடு வளைத்து, பங்குனிக் கடைசியில் கொண்டுவருகிறானாம். காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் வெல்டு முடிந்து பிரைமர் ஏறிவிடும். மீன் எண்ணெய்க்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், ஐந்து லிட்டர்.